ரத்தினசபாபதி என்று தவறாக வழங்கப்படும் வையாபுரியார் முறை

அன்று பாவாத்தாள் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்: கால்நடை மருத்துவன் சென்னியப்பனாகிய நான், என் மகள் டாக்டர் இளவேனில், வலது கையில் மாவுக்கட்டுடன் என் சித்தப்பா மகன் டாக்டர் ரத்தினசபாபதி, கைநினைவு வலையத்தின் விசாரணை அதிகாரி பியூலா, தோட்டத்துக்காரி பாவாத்தாள், அவளுடைய செவலைப் பசு. வேறு யாரும் இல்லை. தானும் அங்கே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாக வெள்ளகோவில் சந்தையில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கொட்டகையில் இல்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதால் இதை எழுத வேண்டியதாகிவிட்டது. விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது.

எங்கள் தாத்தா வையாபுரி கால்நடை மருத்துவர். அப்பாவும் அதே தொழில். நானும் அதே, என் மகளும் அதே. சினைமாட்டின் வயிற்றில் கன்று தலையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு முன்னங்கால்களை மட்டும் வெளியே நீட்டினால், மற்ற மருத்துவர்கள் கயிறு தேடுவார்கள். நாங்கள் தேடுவதில்லை. கையை உள்ளே விட்டு, கன்றைப் பின்னால் தள்ளி, அதன் மூஞ்சியை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பி, பிறகு இழுப்போம். தள்ளுவது, திருப்புவது, இழுப்பது. கேட்க எளிதாக இருக்கும். எந்த நொடியில் தள்ளலை நிறுத்தித் திருப்பலைத் தொடங்குவது என்பதில்தான் கன்றின் உயிர் இருக்கிறது. அதைத் தாத்தா கண்டுபிடித்தார். அது வையாபுரியார் முறை.

ரத்தினசபாபதியும் அதே தாத்தாவின் பேரன்தான். என் அப்பாவிடம்தான் தொழில் பழகினான். அப்படிப்பட்டவன், பல ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டில் நடந்த மருத்துவர் சங்க மாநாட்டில், மேடையேறி, கரும்பலகையில் பசுவின் படம் போட்டு, எங்கள் குடும்ப முறையை ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் விளக்க ஆரம்பித்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் வேறு, கன்றின் கால்கள் இடம் வலமாக மாறியிருந்தன. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. அன்று பருப்புப் பாயசம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

பிறகு கைநினைவு வலை வந்தது. அதற்கென்று தோளிலிருந்து விரல் நுனி வரை மாட்டிக்கொள்ளும் மெல்லிய உறை ஒன்று உண்டு. கைதேர்ந்தவர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்தால், கையின் பழக்கம் முழுவதும் வலையில் ஏறிவிடும். வேறு ஊரில் இன்னொருவர் தன் உறையை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு வாங்கினால், அந்தப் பழக்கம் அவர் கையில் இறங்கிவிடும். தச்சர்களுக்கு ஒரு வலை, பல் மருத்துவர்களுக்கு ஒரு வலை, எங்களுக்கு ஒன்று. ரத்தினசபாபதி முதல் ஆளாகப் போய்த் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஏற்றினான் என்று கேள்விப்பட்டேன். ஆச்சரியப்படவில்லை.

நான் ஏற்றவுமில்லை, வாங்கவுமில்லை. ஒருநாள் இளவேனில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

“அப்பா, தலை திரும்புன கன்னுக்குன்னு ஒரு முறைய ஏத்தியிருக்காங்க, பாத்தீங்களா?”

“யாரு?”

“யாரோ ராயப்பனாம். கயித்தப் போட்டு இழுக்கறது.”

“அது முறையா?”

“முறையோ இல்லையோ, இன்னிக்கு மாநிலம் பூரா அதத்தான் பண்றாங்க. ராயப்பன் முறைன்னே பேரு வெச்சாச்சு.”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். கயிறு போட்டு இழுக்கிறவன் பெயர் நிலைக்கும், வையாபுரியின் பெயர் நிலைக்காது என்றால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மறுநாளே சம்மதம் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: ‘வையாபுரியார் குடும்ப முறை’ என்ற பெயரில்தான் அது வலையில் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கோடை முழுவதும் நான் உறையை மாட்டிக்கொண்டு, அதன்மேல் நீளமான பிளாஸ்டிக் கையுறையும் போட்டுக்கொண்டு பிரசவம் பார்த்தேன். முறை வலையில் ஏறியது. வலையிலிருந்து எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று இளவேனில் சொன்னபோது மறுத்துவிட்டேன். நாங்கள் கொடுக்கிற குடும்பம். வாங்குகிற குடும்பம் அல்ல.

பாராட்டுகள் வந்தன. தேனியிலிருந்து ஒருவர், திருவண்ணாமலையிலிருந்து ஒருவர், ஆந்திராவிலிருந்து இருவர். அதற்குப் பிறகு சத்தியமங்கலத்திலிருந்து ஒரு இளம் மருத்துவர் கூப்பிட்டார்.

“ஐயா, உங்க முறையில நேத்து ஒரு கன்ன உசுரோட எடுத்தனுங்க. ரொம்ப நன்றிங்க. ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“யாருங்க அந்த ரத்தினசபாபதி?”

 அவரே தயங்கித் தயங்கி விளக்கினார். உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டதும் அவர் வாய் தானாகப் பேசியதாம். பேசியது இது: ‘வாடா ரத்தினசபாபதி. நேரா வாடா. உன்ர யோக்கியதை எனக்குத் தெரியும்டா.’

அப்படியெல்லாம் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த இளவேனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சிரிப்பு?”

“அப்பா, மாநாட்டுலேர்ந்து வந்த நாளா ஒவ்வொரு பிரசவத்துக்கும் நீங்க இதத்தான் சொல்றீங்க. சின்னப் புள்ளையில நான் ரத்தினசபாபதிங்கறது ஏதோ மருந்துன்னு நெனச்சிட்டிருந்தேன். அதச் சொன்னாத்தான் கன்னு வரும்னு.”

“எனக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாது. மாட்டுக்கெல்லாம் தெரியும்.”

அடுத்து நடந்தது ஊருக்கே தெரியும். மாநிலத்தில் எந்தக் கொட்டகையில் கன்று மாட்டிக்கொண்டாலும் மருத்துவரின் வாயிலிருந்து அந்த வார்த்தைகள்தான் வந்தன. பெண் மருத்துவர்களும் சொன்னார்கள். மிக மரியாதையாகப் பேசுகிறவர்களும் ‘வாடா’ என்றார்கள். வலைகள் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் முறை கடல் கடந்தும் போனது. டென்மார்க் நாட்டுப் பால்பண்ணை மருத்துவர் ஒருவர் திரையில் வந்து, ‘யோக்கியதை’ என்றால் என்ன பொருள் என்று கேட்டார். மரியாதை மாதிரி ஒன்று என்று இளவேனில் சொல்லிவிட்டாள். அவர் நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. விவசாயிகளுக்கு வலையில் என்ன பெயர் இருக்கிறது என்று தெரியாது. அவர்கள் காதில் விழுந்ததைத்தான் வைத்துக்கொண்டார்கள். ‘டாக்டரு, செனைமாட்டுக்கு ரத்தினசபாபதி போடோணுங்க, சீக்கிரம் வாங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடமே, என் முகத்தைப் பார்த்து, ‘உங்குளுக்கு ரத்தினசபாபதி போடத் தெரியுமுங்களா?’ என்று கேட்டார். ஒரு வருடத்துக்குள் வையாபுரியார் முறை என்ற பெயர் வலைக்குள்ளேயே கிடந்தது. வெளியே அது ரத்தினசபாபதி முறை. எங்கள் குடும்ப முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக்கொடுத்தவனுடைய பெயரை, நானே கடல் கடந்து பரப்பியிருந்தேன்.

ரத்தினசபாபதி இதைக் கொண்டாடியிருப்பான் என்று நினைப்பவர்கள் அவன் புகாரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவன் ஒருநாள் முத்தூர்ப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒரு கொட்டகைக்குள்ளிருந்து ‘வாடா ரத்தினசபாபதி’ என்று யாரோ அதட்டியிருக்கிறார்கள். ஏதோ நினைவில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே போயிருக்கிறான். ‘ஏனுங்க?’ என்று கேட்டுக்கொண்டே பசுவின் பின்னால் போய் நின்றிருக்கிறான். பசு உதைத்ததில் வலது முன்னங்கை முறிந்தது. வலையை நடத்தும் வலையத்துக்குப் புகார் போனது. கைநினைவு ஒன்றால் ஒருவருடைய மானமோ உடம்போ பாதிக்கப்பட்டால் விசாரிக்க வேண்டும் என்பது விதி.

அதிகாரி பியூலா வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடிப் பெண். அதிராமல் பேசுபவர்.

“சார், அவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பேரை எடுத்துரணும்.”

“எனக்கும் அதே வேண்டுகோள்தான். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.”

“அது வெட்டி எடுக்க வராது சார்.”

“ஏன் வராது? வார்த்தையை மட்டும் நீக்க வேண்டியதுதானே.”

“கை தனியா வேலை செய்யாது சார். மூச்சு, நாக்கு, கை மூணும் சேர்ந்துதான் ஒரு பழக்கம். உங்க கை ‘ரத்தின’ங்கும்போது தள்ளுது, ‘சபா’ங்கும்போது திருப்புது, ‘பதி’ன்னதும் இழுக்குது. அந்தத் தாளத்தை எடுத்தா கைக்கு வழி தெரிய மாட்டேங்குது. நாங்க வெறும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு மாத்திப் பார்த்தோம். கன்னு அசையல. ராமச்சந்திரன்னு போட்டோம்.”

“என்ன ஆயிற்று?”

“தள்ளுச்சு. திருப்பாம நின்னுச்சு.”

“வேறு வழி?”

“நீங்களே அந்தப் பேரைச் சொல்லாம ஒரு பிரசவம் பார்க்கணும். அதைப் புதுசா ஏத்திருவோம். முடியலைன்னா விதிப்படி முறையையே வலையிலிருந்து இறக்கணும். எல்லார் கையிலிருந்தும் போயிரும்.”

“ராயப்பன் முறை?”

“அது இருக்கும் சார். அதுல யாரையும் திட்டல.”

இதுதான் அன்று கொட்டகையில் நடக்கவிருந்தது. பாவாத்தாளின் செவலைக்கு வலி எடுத்திருந்தது. கன்றின் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் பெயரைச் சொல்லாமல் கன்றை எடுக்க வேண்டும். எடுத்தால் வையாபுரியின் பெயர் நிற்கும். எடுக்காவிட்டால் கயிறு தேடுகிற ராயப்பன் நிற்பான்.

புகார் கொடுத்தவர் உடனிருக்க வேண்டும் என்ற விதியால் ரத்தினசபாபதியும் வந்திருந்தான். வாசலில் நின்றுகொண்டு சாணியை மிதிக்காமல் இருப்பதில் கவனமாக இருந்தான். நான் பாவாத்தாளிடம் சொன்னேன்.

“அவர் உக்காரலாம்னா உக்காரச் சொல்லு.”

“உக்காருங்கோன்னு சொல்றாரு,” என்றாள் பாவாத்தாள் அவனிடம்.

“பரவால்லைன்னு சொல்லும்மா. நின்னே பாக்கறேன்.”

“நின்னே பாக்கறாராமா,” என்றாள் என்னிடம். “ஏனுங் டாக்டரு, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்குது? என்ர மாடு வலியில நிக்குது, நான் நடுவுல தபால்காரி வேல பாத்துட்டிருக்கறேன்.”

அதிகாரி விசாரணையைத் தொடங்கினார். பாதிப்பு என்ன என்று ரத்தினசபாபதியிடம் கேட்டார். அவன் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டவில்லை. வேறு ஒன்றைச் சொன்னான்.

“போன தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சனுங்க. பத்திரிகையில என்ர பேரப் பாத்துட்டு சம்பந்தி வீட்டுல சிரிச்சுட்டாங்க. சின்னப் புள்ளைக பந்தியில ‘வாடா’ன்னு சொல்லி ஓடுதுக. சந்தைக்குப் போக முடியறதில்ல. நானும் முப்பது வருசமா மாட்டுக்கு வைத்தியம் பாக்கறேன். ஒரு மனுசன் தன்ர பேர இத்தன பேரு வாயில கேக்கோணும்னுதான் ஆசப்படுவான். எனக்குக் கெடச்சுது. இப்படிக் கெடச்சுது.”

இளவேனில் தரையைப் பார்த்தாள். நான் கையைக் கழுவினேன்.

சந்தையில் அவன் பெயரைச் சொன்னால் சினைமாடுகள் வாலைத் தூக்குகின்றன என்பது மிகைப்படுத்தல். நான் பார்த்ததில் இரண்டு மாடுகள் திரும்பிப் பார்த்தன, அவ்வளவுதான்.

உறையை மாட்டி, கையுறையைப் போட்டு, கையை உள்ளே விட்டேன். தலை இடப்பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். தள்ளினேன். திருப்ப வேண்டிய இடத்தில் கை நின்றது.

“என்னப்பா?” என்றாள் இளவேனில்.

“ஒன்றுமில்லை.”

மறுபடியும் தள்ளினேன். இந்த முறை மனதுக்குள் தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வையாபுரி என்பது தள்ளும்போதே முடிந்துவிடுகிறது. திருப்புவதற்கு எழுத்து மீதமில்லை. மகளின் பெயரைச் சொன்னேன். கை வேறு எங்கோ போயிற்று.

“சார், உதடு அசையுது,” என்றார் அதிகாரி.

“மூச்சு விடுகிறேன்.”

நான் அன்று தாமதித்தேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தாமதம் அல்ல, நிதானம். ஆனால் பசுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது கால் மாற்றி மாற்றி நின்றது. கருப்பை இறுக ஆரம்பித்திருந்ததைக் கையில் உணர்ந்தேன்.

“ஏனுங், சொல்லித் தொலைங்களேன்,” என்றாள் பாவாத்தாள். “அவரும் இங்கதான நிக்கறாரு. ரெண்டாவது தடவ புதுசா என்ன அவமானம் வந்துரப் போவுது?”

“அது அப்படியல்ல, பாவாத்தா.”

“எப்புடியோ போங்க. என்ர செவல போச்சுன்னா உங்க குடும்பப் பேர வெச்சு நான் பாலா கறக்கறது?”

வாசலிலிருந்து ரத்தினசபாபதியின் குரல் வந்தது. பாவாத்தாளிடம்தான் சொன்னான்.

“சொல்லச் சொல்லும்மா. நான் வேணும்னா வெளிய நிக்கறேன்.”

அவன் வெளியே போய் நின்றான். கொட்டகைச் சுவர் இடுப்பளவு உயரம். அவன் தலை முழுதாகத் தெரிந்தது. இருந்தாலும் போய் நின்றான்.

நான் சொன்னேன். முழுதாகச் சொன்னேன், யோக்கியதை வரைக்கும். சொன்னதும் கை தன் வழியைக் கண்டுபிடித்துக் கன்றின் மூஞ்சியைப் பிடித்துத் திருப்பியது. ஆனால் இழுக்க இடமில்லை. பிறப்பு வழி வற்றி இறுகிவிட்டது. கன்றும் பெரியது.

“அப்பா, வயித்தத் தொறந்துதான் எடுக்கோணும்,” என்றாள் இளவேனில்.

வேறு வழி இல்லைதான். அவள் இடப்பக்க விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, திறந்து, கருப்பையிலிருந்து கன்றைத் தூக்கி வைக்கோல் மேல் கிடத்தினாள். வேகமாகவும் சுத்தமாகவும் செய்தாள், என் மகள். கன்று மூச்சு விடவில்லை.

“கன்ன நான் பாக்கறேன். நீங்க கருப்பையத் தைங்க,” என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வையாபுரியார் குடும்பத்தில் வயிற்றைத் திறப்பது வழக்கமில்லை. திறக்க வேண்டிய நிலை எங்களுக்கு வந்ததில்லை. ஆகவே தைக்கும் வழக்கமும் இல்லை.

“நீ தை. கன்றை நான் பார்க்கிறேன்.”

“உங்களால மண்டி போட முடியாதுப்பா. போன மாசம் மண்டி போட்டுட்டு எந்திரிக்க ரெண்டு பேரு வந்தாங்க.” சொல்லிக்கொண்டே அவள் ஒரு கையால் கன்றின் மூக்கைத் துடைத்தாள்; மறுகையால் என் உறையின் தோள்பட்டையில் இருந்த பொத்தானைத் திருப்பினாள். கொடுக்கிற பக்கத்திலிருந்து வாங்குகிற பக்கத்துக்கு. “வலையில ஒரே ஒரு நல்ல கருப்பைத் தையல்தான் இருக்குது. எல்லாரும் அதத்தான் போடறோம். வருதா?”

வந்தது. தோளில் ஒரு சூடு இறங்கி விரல்களுக்குள் போய் உட்கார்ந்தது. என் கை ஊசியை வேறு மாதிரி பிடித்தது. நான் எந்நாளும் பிடிக்காத மாதிரி, கொஞ்சம் சாய்த்து. முதல் தையல் விழுந்தது. அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

“அண்ணன் பாக்கறாரு. கோணாமத் தை.”

நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. ஊசி போய் வந்தது. மறுபடியும் வாய் சொன்னது.

“அண்ணன் பாக்கறாரு. கோணாமத் தை.”

கை நிற்கவில்லை, நிறுத்தினால் பசு போய்விடும். ஆகவே வாயும் நிற்கவில்லை. வெளியே சுவருக்கு அந்தப்பக்கம் ரத்தினசபாபதியின் தலை தெரிந்துகொண்டிருந்தது. அது மெதுவாகத் திரும்பிக் கிணற்றுமேட்டைப் பார்க்க ஆரம்பித்தது. கிணற்றுமேட்டில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

“இது யாருடைய தையல்?” என்று கேட்டேன், ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்.

“ரத்தினசபாபதி சித்தப்பாவோடதுதான்,” என்றாள் இளவேனில். கன்றின் நெஞ்சை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். “வலை வந்த முதல் வருசமே ஏத்தினது. மாநிலத்துல அத்தன டாக்டருக்கும் இந்த வார்த்த தெரியும்ப்பா. எந்த அண்ணன்னும் தெரியும். நீங்க ஒருத்தர்தான் எதையும் வாங்க மாட்டீங்களே.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே.”

“அவரு பேர எடுத்தா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. எப்பச் சொல்றது?”

“அண்ணன் பாக்கறாரு,” என்றது என் வாய். “கோணாமத் தை.”

பாதித் தையல் முடிந்திருந்தது. இளவேனில் திடீரென்று கன்றைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிச் சுவர்மேல் தொங்கவிட்டாள். அது தும்மியது. அடுத்த தும்மலில் சளி வெளியே வந்தது. பாவாத்தாள் கன்றைப் பார்க்காமல் முதலில் பசுவின் நெற்றியைத் தடவினாள். நான் கருப்பையையும், அதே கையோடு வயிற்றையும் தைத்து மூடினேன்.

 அதிகாரி பியூலா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், விதிப்படி பார்த்தா இன்னைக்குப் பேர் இல்லாம எடுக்க முடியல. அப்ப முறையை இறக்கணும். புகார் குடுத்தவங்க வேற ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லலாம்.”

ரத்தினசபாபதி உள்ளே வந்தான். இந்த முறை சாணியை மிதித்தான், கவனிக்கவில்லை.

“புகார நான் திருப்பி வாங்கிக்கறனுங்க.”

“அப்ப அந்தப் பேரு அப்படியே இருக்கும் சார். திட்டும் இருக்கும்.”

“இருக்கட்டும். திட்டிட்டே எத்தன கன்ன எடுத்திருக்காங்க.” மாவுக்கட்டை இடது கையால் தடவினான். “அதுவும் எங்க தாத்தா பேரன் ஒருத்தன் பேருதானுங்க. வெளியாள் பேரு இல்ல.”

இதை நான் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கொட்டகையில் வேறு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. ரத்தினசபாபதி முறை என்றாலும் அது வையாபுரியின் வீட்டுப் பெயர்தான். ராயப்பன் வையாபுரியின் வீட்டைச் சேர்ந்தவன் அல்ல. அதிகாரியிடம் இதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு ரத்தினசபாபதியைப் பார்த்துப் பேசினேன். பாவாத்தாள் வழியாக அல்ல. பாவாத்தாள் கன்றுக்குச் சீம்பால் கொடுப்பதில் இருந்தாள்.

“உன் தையலில் ஒரு குறை இருக்கிறது.”

“சொல்லுங்கண்ணா.”

“மூன்றாவது முடிச்சு தளர்வு. நூலை இன்னும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.”

அவன் குனிந்து, தைத்த இடத்தை நன்றாகப் பார்த்தான்.

“தையல் என்னுதுங்கண்ணா,” என்றான். “முடிச்சுப் போட்ட கை உங்கதுங்க.”

“மாநாட்டில் போட்ட படத்திலும் கால் இடம் வலமாக மாறியிருந்தது.”

“தெரியுமுங்க. நீங்க எந்திரிச்சுப் போனதும் அழிச்சுட்டு மாத்திப் போட்டேன். நீங்க பாக்கல.”

இளவேனில் கையைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனாள். அதிகாரி தன் உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். புறப்படும்போது, மூன்றாவது முடிச்சு பற்றி நான் சொன்ன திருத்தத்தையும் வலையில் ஏற்றலாமா என்று கேட்டார். இருவரும் சேர்ந்து ஏற்றினால்தான் சரிவரும் என்றேன். ரத்தினசபாபதியின் கை எலும்பு கூடியதும் அதைச் செய்வோம். செவ்வாய்க்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வருவது அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான். சாப்பிட்டுவிட்டுப் போவது நேரம் ஆகிவிடுவதால்.

இனி வதந்திகள். கொட்டகையில் நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டோம் என்கிறார்கள். ஒருவனுக்கு மாவுக்கட்டு, இன்னொருவனுக்கு முழங்கை வரை ரத்தம். அது நடக்கக்கூடியது அல்ல, நடக்கவுமில்லை. நான் இப்போது பிரசவம் பார்க்கும்போது ‘வாடா தம்பி’ என்று மாற்றிச் சொல்வதாகவும் பேச்சு இருக்கிறது. ‘தம்பி’ என்று சொன்னால் கை திருப்பாது. முயன்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கடைசியாக, அன்று பிறந்த கன்றுக்கு ரத்தினசபாபதி என்று பெயர் வைத்திருப்பதாகச் சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. அது கிடேரி, பெண் கன்று.